மீதி இருபத்திரண்டு மீட்டர்

ஒரு மனிதர் வண்டியைச் சரியாக நிறுத்தியதற்காக நாலு நாள் பெஞ்சில் உட்கார்ந்தார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எதையோ இடித்துவிட்டு மறைக்கிறார் என்பார்கள். ரொட்டி வேன்காரர் எதையும் இடிக்கவில்லை. அவர் மேல் இருந்த குற்றச்சாட்டே அதுதான்.

திங்கட்கிழமை காலை எட்டேகால் மணி. மழை விடுவதா வேண்டாமா என்று யோசித்தபடி தூறிக்கொண்டிருந்தது. கடைகளுக்குப் போட வேண்டிய நானூறு ரொட்டியோடு வேன் பள்ளிக்கூடத்துப் பக்கவாசல் வளைவுக்கு வந்தது. அங்கே மதில் ஒன்று ரோட்டுவரை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பக்கத்தில் போகும்வரை தெரியாது. காற்று பிடுங்கிக்கொண்டு போன குடையைத் துரத்தி ஒரு சிறுமி ரோட்டுக்கு ஓடிவந்தாள். வேன்காரர் பிரேக்கை மிதித்தார். வேன் கிறீச்சிட்டு, ஈரத்தில் கொஞ்சம் வழுக்கி, குடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. சிறுமி குடையை எடுத்தாள், "சாரி அங்கிள்" என்றாள், உள்ளே ஓடிவிட்டாள்.

 வேன்காரரும் அப்படியே கிளம்பிப் போயிருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கலாம் என்று இறங்கியதுதான் தப்பாகிவிட்டது.

எதிர்க் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒருவர், பையிலிருந்து அளவு டேப் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். நிறுத்தத் தூர நிர்ணய வாரியத்தின் ஊழியர். ரோட்டில் எங்கே டயர் தடம் கிடந்தாலும் அளப்பது அவருடைய வேலை. மழையில் நனைந்தபடி குந்தி உட்கார்ந்து அளந்தார். பத்தொன்பது மீட்டர். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் என்று கேட்டார். அந்த ரோட்டில் நாற்பதுதான் அனுமதி. வேன்காரர் நாற்பதில்தான் வந்தார். நாற்பது என்றே சொன்னார். இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டியும், ஒரு டேப்புக்காரரிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நாப்பதுல வந்து பத்தொன்பதுல நின்னீங்களா?" என்றார் டேப்புக்காரர். முகம் சுருங்கிப்போயிற்று. "லைசென்ஸ் கொடுங்க. நாளைக்கு வாரியத்துல வந்து வாங்கிக்கங்க."

நாளைக்கு என்ற சொல்லை வேன்காரர் அப்போது சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

ரொட்டிக் கம்பெனி முதலாளி நல்லவர். நல்லவராக இருந்தாலும், மனிதர்கள் தினமும் ரொட்டி தின்கிறார்கள். சனிக்கிழமைக்குள் லைசென்ஸ் வராவிட்டால் வேன் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன், தப்பா நினைக்காதே என்றார். வேன்காரர் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் அந்த வேனைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. வயது ஐம்பத்து மூன்று. இனிமேல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

வாரியம் மூன்று மாடிக் கட்டடம். அதன் லிஃப்ட், தளத்துக்கு ஒரு சாண் கீழே நின்றுவிடும். வருகிறவர்கள் எல்லாரும் காலைத் தூக்கி ஏறிப் போவார்கள். லிஃப்டுக்கு அட்டவணை இன்னும் போடவில்லை என்று வாசல்காரர் விளக்கம் சொல்லி, டோக்கன் ஒன்றைக் கையில் திணித்து, பெஞ்சைக் காட்டினார். மரப்பெஞ்சு. நடுவில் ஒரு பலகை விரிந்து, உட்காருகிறவர் அசைந்தால் கிள்ளும். பெஞ்சுக்கு எதிரே சுவர் முழுக்க வாரியத்தின் அட்டவணை தொங்கியது. வேகம், ஈரம், சரிவு, டயர் தேய்மானம், பிரேக்கின் வயது, சுமை, ஓட்டுநரின் வயது, தூக்கம், வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா, மனநிலை என்று முப்பத்தொரு கட்டம். ஒவ்வொன்றுக்கும் இத்தனை மீட்டர். எல்லாவற்றையும் கூட்டினால் வண்டி எங்கே நிற்கும் என்று வாரியம் சொல்லிவிடும். அங்கே போய் நிற்க வேண்டியதுதான் வண்டியின் வேலை.

மத்தியானம் மூன்று மணிக்குக் கவுண்டர் எழுத்தர் கூப்பிட்டார். கூட்டிப் பார்த்ததில் வேன் நாற்பத்தொரு மீட்டரில் நின்றிருக்க வேண்டும், பத்தொன்பதில் நின்றிருக்கிறது, மீதி இருபத்திரண்டு மீட்டரைக் காணோம் என்றார்.

"காணோம்னா?" என்றார் வேன்காரர்.

"கணக்குல வரல. அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

வேன்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சீக்கிரம் நின்றது நல்லதுதானே என்று இழுத்தார். நல்லதா கெட்டதா என்று கேட்கிற கட்டம் படிவத்தில் இல்லை என்று எழுத்தர் பொறுமையாகச் சொல்லி, படிவத்தையே திருப்பிக் காட்டினார். பாதிக்கப்பட்டவரின் நிலை என்ற இடத்தில் மூன்றே கட்டம் இருந்தது: லேசான காயம், பலத்த காயம், உயிரிழப்பு. குழந்தைக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றார் வேன்காரர். நாற்பத்தொரு மீட்டருக்கு அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தே தீர வேண்டும் என்றார் எழுத்தர். பிறகு, பாவம் பார்த்தவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "லேசானதுன்னு போட்டுரலாமா? சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார்.

வேன்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவ்வளவுதான், செவ்வாய்க்கிழமை முடிந்தது.

புதன்கிழமை சுமை பற்றிய விசாரணை. வேனில் இருந்த நானூறு ரொட்டியையும் எடை பார்க்கக் கொண்டு வரச் சொன்னார்கள். அதையெல்லாம் அன்றைக்கே ஊர் தின்று தீர்த்துவிட்டது என்று வேன்காரர் சொன்னதும், எழுத்தர் தலையைக் குனிந்து 'சாட்சியம் அழிக்கப்பட்டுள்ளது' என்று எழுதினார். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

பிறகு மனநிலை. காலையில் வீட்டில் சண்டை நடந்திருந்தால் இரண்டு மீட்டர் கூடும். அதை மனைவி வந்து நேரில் சொல்ல வேண்டும் என்றார்கள். அவர் மனைவி துணி தைப்பவள். பாதி தைத்த ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் அளவு டேப்போடு வந்து சேர்ந்தாள். அன்றைக்குச் சண்டை போட்டீர்களா என்று எழுத்தர் கேட்டார்.

"தினமும்தான் போடுறோம் சார். போடாத நாள்லதான் இவர் எதையோ யோசிச்சுக்கிட்டு வண்டி ஓட்டுவார்" என்றாள்.

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சண்டை போட்டால் கூடுமா, போடாவிட்டால் கூடுமா என்ற கேள்விக்கு வாரியத்தில் பதில் இல்லை. கோப்பு மேலே கண்காணிப்பாளருக்குப் போனது. வீட்டுக்குக் கிளம்பும்போது மனைவி வேன்காரர் காதோடு, வாயை மூடிக்கொண்டு எதிலாவது கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள், சனிக்கிழமை வந்துகொண்டே இருக்கிறது என்றாள். தனக்கும் அதுதான் கவலை என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டுப் பெஞ்சில் அசைந்தார். பலகை கிள்ளியது.

வியாழக்கிழமை கண்காணிப்பாளரே அழைத்தார். பெரிய அறை. மேஜைமேல் பொம்மைக் கார் ஒன்று இருந்தது; அதற்குச் சக்கரம் சுற்றாது. எதிர் நாற்காலியில் அந்தச் சிறுமியும் அவளுடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர். வெள்ளைக் கோட்டோடு நேரே வந்திருந்தார். மடியில் தடிமனான காகிதக் கட்டு. சிறுமி பொம்மைக் காரை உருட்டிப் பார்த்து, உருளாததால் விட்டுவிட்டாள்.

கண்காணிப்பாளர் கையைக் கோத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதைச் சொல்றதுல எனக்கு வெக்கமே இல்ல. ஓட்டத் தெரிஞ்சவன் இந்த நாற்காலில உக்காந்தா தன் அனுபவத்தைக் கொண்டு வந்துருவான். எனக்கு அனுபவமே கிடையாது. அதனாலதான் பதினெட்டு வருஷமா என்னால பாரபட்சமில்லாம இருக்க முடியுது."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, மகளுக்கு லேசான காயம் என்று எழுதிக்கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது என்றார். சிராய்ப்பு போதும். முழங்காலில் பழைய சிராய்ப்பு ஏதாவது இருந்தால் அதுவே போதும் என்றும் பெரிய மனது பண்ணினார்.

"என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல" என்றார் அம்மா. "அவ உயிரோட இருக்கறதுக்கு இவர் காரணம். அதுக்குக் கையெழுத்துப் போடுறேன், காட்டுங்க. அதோட இதுக்கும் பதில் சொல்லுங்க." காகிதக் கட்டை மேஜைமேல் வைத்தார். அந்த வளைவில் ஒரு வேகத்தடை போடுங்கள், ஒரு பலகையாவது வையுங்கள் என்று இரண்டு வருடத்தில் ஏழு மனு கொடுத்திருந்தார். ஏழுக்கும் ரசீது இருந்தது.

மனுக்கள் பரிசீலனையில் இருக்கின்றன, சம்பவம் எதுவும் பதிவாகாததால் முடிவெடுக்க இயலவில்லை என்றார் கண்காணிப்பாளர். பதிவாகியிருந்தால் இந்நேரம் போட்டிருப்போமே என்று வருத்தப்படவும் செய்தார். அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று வேன்காரரைப் பார்த்து, "உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலண்ணே" என்றார். அண்ணே என்ற அந்த ஒரு சொல்லுக்கு வேன்காரரின் கண் கலங்கிவிட்டது. மூன்று நாளாக எல்லாரும் அவரை டோக்கன் எண்ணாலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கலக்கத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"சார், நான் உண்மையைச் சொல்லிடுறேன்" என்றார். "அந்த வளைவு வந்தாலே ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்துருவேன். எடுத்து பிரேக்மேல வெச்சுக்கிட்டுத்தான் போவேன். தினமும் அப்படித்தான். அன்னைக்கும் கால் அங்கதான் இருந்துச்சு. அதனால சட்டுனு நின்னுச்சு. ரோட்ல வந்தது நாப்பதுதான், வளைவுல கொஞ்சம் கொறஞ்சிருக்கும்."

காணாமல் போன இருபத்திரண்டு மீட்டரும் கிடைத்துவிட்டது; இனி லைசென்ஸைக் கொடுத்துவிடுவார்கள் என்று அவர் நினைத்தார். கண்காணிப்பாளரோ பேயறைந்தவர் போலப் பார்த்தார். மணியை அழுத்தி எழுத்தரை வரவழைத்தார். டேப்புக்காரரையும் வரவழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அப்படின்னா குழந்தை வரப்போகுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"வந்தாலும் வரும்னு தெரியும் சார்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. பார்த்தாலே தெரியுது. பள்ளிக்கூடம், சுவர், வாசல்..."

"பார்த்தாலே தெரியுதா?" கண்காணிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். "எங்ககிட்ட ஏழு மனு இருக்கு. ரசீதோட இருக்கு. ஏழு மனு வந்தும் எங்களுக்கே இன்னும் தெரியல. உங்களுக்கு மட்டும் பார்த்ததும் தெரிஞ்சுதா?"

 கண்காணிப்பாளர் சுவர்ப்பக்கம் போய், அட்டவணையின் சின்னப் பிரதியைத் தடவிக்கொடுத்தபடி தொடர்ந்தார். குரலில் உண்மையாகவே வேதனை இருந்தது.

"இது யாருக்காகப் போட்டதுன்னு நினைக்கிறீங்க? எதிர்ல என்ன வரும்னு தெரியாம, எதையோ நினைச்சுக்கிட்டு வர்ற சராசரி ஆளுக்காக. அவன் பார்த்து, புரிஞ்சு, காலை நகர்த்துறதுக்கு ஒன்றரை நொடி ஒதுக்கியிருக்கோம். மூணு கமிட்டி உக்காந்து ஒதுக்குன நொடி அது. அதை நீங்க தொடக்கூட இல்ல. வேண்டாம்னு தள்ளிட்டீங்க. இப்படி ஆளாளுக்கு முன்கூட்டியே யோசிக்க ஆரம்பிச்சா, அப்புறம் நாங்க எதுக்கு?"

 அந்தக் கேள்விக்கு அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் பதில் தெரியும். சம்பளம் வாங்குகிறவர்கள் அதைச் சொல்லக் கூடாது, லைசென்ஸ் வாங்க வந்தவரும் சொல்லக் கூடாது. கோப்பின் அட்டையில் எழுத்தர் புதிதாக ஒரு வரி சேர்த்தார்: 'முன்னறிவுடன் நிறுத்தியது.'

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு வழி பிறந்தது. வழியை எழுத்தர் தட்டச்சு செய்து வைத்திருந்தார். வேன்காரர் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். சனிக்கிழமை காலை டேப்புக்காரரை வேனில் ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் லைசென்ஸ் அங்கேயே கையில். உறுதிமொழி இப்படி இருந்தது: 'எதிரே நபரோ பொருளோ கண்ணால் காணப்படும் வரை பிரேக்கின் மீது கால் வைக்கமாட்டேன் என்றும், யோசிப்பதற்கென ஒதுக்கப்பட்ட ஒன்றரை நொடியை முழுமையாகப் பயன்படுத்துவேன் என்றும், நாற்பத்தொரு மீட்டருக்குக் குறையாமல் நிற்பேன் என்றும் மனமுவந்து உறுதி கூறுகிறேன்.'

அவர் இரண்டு முறை படித்தார். சனிக்கிழமைக்கு இன்னும் ஏழரை மணி நேரம்தான் இருந்தது. இருபத்தாறு வருடம், வேன், முதலாளியின் மேஜைமேல் கிடக்கும் சாவி, தையல் மெஷின் முன் குனிந்திருக்கும் மனைவியின் முதுகு எல்லாம் கண் முன்னால் வந்து போயின. மனமுவந்து கையெழுத்திட்டார். பெஞ்சிலிருந்து எழுந்தபோது இடுப்பு நிமிரவே இல்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. மதிலைத் தாண்டி, பக்கவாசலுக்கு நேராக, நடுரோட்டில் டேப்புக்காரர் ஓர் அட்டைப்பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு வந்தார். நிறுத்தப்பட்ட பெட்டியின் உயரம் மூன்றே முக்கால் அடி. நாற்பத்தொரு மீட்டருக்குக் கணக்குச் சரியாக வந்தால் வேன் அதன் மேல் ஏறி நிற்க வேண்டும். படிவத்தில் பெட்டியின் நிலை என்று தனியாக ஒரு கட்டமும் இருந்தது.

வேன்காரர் நாற்பதில் வந்தார். வளைவு நெருங்கியது. கால் தானாக மேலெழப் பார்த்தது. அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு ஒரு நாள், இன்றைக்கு மட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. சுவருக்குப் பின்னால் இருப்பது அட்டைப்பெட்டிதான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

அப்போது பக்கத்தில் தட் என்று ஒரு சத்தம். டேப்புக்காரரின் வலது கால், தரையோடு தரையாக, இல்லாத பிரேக் ஒன்றை மிதித்துக்கொண்டிருந்தது. பெட்டி இன்னும் கண்ணில் படவே இல்லை. மனிதர் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, உயிரைக் கொடுத்து மிதித்தார்.

அதைப் பார்த்ததும் வேன்காரரின் கால் யார் பேச்சையும் கேட்கவில்லை. வேன் பெட்டிக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது.

 டேப்புக்காரர் மெதுவாகக் கண்ணைத் திறந்து தன் காலைப் பார்த்தார். வேன்காரரும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டேப்புக்காரர் இறங்கி அளந்தார். பதினெட்டரை. ஏறி உட்கார்ந்து, படிவத்தில் நாற்பத்தொன்று என்று எழுதினார்.

"சார்..."

"பதினெட்டரைன்னு எழுதினா உங்களை மட்டுமில்ல, என்னையும் அந்தப் பெஞ்சுல உக்கார வெச்சிருவாங்க. என் கால் எதுக்கு அங்க போச்சுன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

மறுபடியும் இறங்கினார். நடந்து போய் அட்டைப்பெட்டியின் மேல் ஏறி நின்று, கணக்கு ஒத்துப்போகிற வரைக்கும் நன்றாக மிதித்தார். திரும்பி வந்து லைசென்ஸை நீட்டினார். வேன்காரர் வாங்கிக்கொண்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான், சந்தோஷம் வரவில்லை.

மூன்று வாரம் ஓடியது. ரொட்டி போனது, கடைகள் வாங்கின, வளைவில் அவர் வழக்கம்போல் காலைத் தூக்கினார். ஊரில் ஒரே ஒரு மனிதர் சட்டத்தை மீறிக் கவனமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

நாலாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, சிறுமியின் அம்மா பக்கவாசலில் நின்று வேனைக் கை காட்டி நிறுத்தினார். கையில் ஒரு கடிதம். ஏழு மனுவுக்கும் சேர்த்து வாரியம் ஒரே பதிலாக அனுப்பியிருந்தது. முகத்தில் கோபம் இல்லை, சோர்வுதான் இருந்தது.

"படிச்சுப் பாருங்கண்ணே. உங்க வண்டி நம்பர் போட்டிருக்கு."

அவர் படித்தார். மேற்படி வளைவில் மேற்படி வேனைக் கொண்டு நடத்தப்பட்ட சோதனையில், வாகனம் அட்டவணைப்படி நாற்பத்தொரு மீட்டரில் நின்றது, மூன்றே முக்கால் அடி உயரமுள்ள சோதனைப் பெட்டி முழுமையாக நசுங்கியது, முடிவு திருப்திகரமாக உள்ளதால் வேகத்தடையோ பலகையோ தேவையில்லை, மனுக்கள் முடித்துவைக்கப்படுகின்றன. கீழே இணைப்பாக அவருடைய உறுதிமொழி. அவருடைய கையெழுத்து. மனமுவந்து.

"மூணே முக்கால் அடி" என்றார் அம்மா. "போன மாசம் பள்ளிக்கூடத்துல அளந்தாங்க. அவளும் அவ்ளோதான்."

வேன்காரருக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. நான் நசுக்கவில்லை, வண்டி முன்னாலேயே நின்றுவிட்டது என்று சொல்ல வந்து, அதை இப்போது யாரிடம் சொல்வது என்று நிறுத்திக்கொண்டார்.

அன்று மத்தியானமே வாரியத்துக்குப் போனார். லைசென்ஸை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அன்றைக்கு வண்டி பதினெட்டரையில் நின்றது, பெட்டியை நசுக்கியது வண்டி இல்லை, கோப்பைத் திறந்து திருத்துங்கள், லைசென்ஸை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். எழுத்தர் லைசென்ஸை ஒற்றை விரலால் அவர் பக்கமே தள்ளினார்.

"அதான் மூடியாச்சே. மூடினதைச் சும்மா திறக்க முடியாது. அந்த வளைவுல புதுசா ஒரு சம்பவம் பதிவாகணும்."

"புதுசான்னா?"

எழுத்தர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். அதே மூன்று கட்டம்.

வேன்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். செய்யப்போவதையும் சொன்னார். வேன் போய்விடும், முதலாளி இந்தத் தடவை பொறுக்கமாட்டார் என்பதையும் மறைக்கவில்லை. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவும் செய்தாள், கால்மணி நேரம், மூச்சு விடாமல். பிறகு தைத்துக்கொண்டிருந்ததைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு தடித்த துணியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ரொட்டி வேன் அந்த வளைவுக்கு வந்து, மதிலுக்கு முன்னால், ரோட்டின் குறுக்கே நின்றது. வேன்காரர் எஞ்சினை அணைத்தார், கை பிரேக்கை இழுத்தார், சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்தன. ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. ஒருவர் இறங்கி வந்து அவரையும் அவருடைய குடும்பத்தையும் பற்றிச் சில விஷயங்கள் சொல்லிவிட்டுப் போனார். வரிசையில் நாலாவதாக ஒரு ஜீப் நின்றது. பின்சீட்டில் கண்காணிப்பாளர் இருந்தார், முன்சீட்டில் டேப்புக்காரர்.

டேப்புக்காரர்தான் இறங்கி வந்தார். டயருக்குக் கீழே குனிந்து தேடினார். தடம் எதுவும் இல்லை. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு பரிதாபமாக நிமிர்ந்தார்.

"கண்காணிப்பாளர் கேஸ் எழுதச் சொல்றார். எத்தனை மீட்டர்னு எழுதுறது?"

"வண்டி நிக்குது சார். இதுதான் நீங்க கேட்ட புதுச் சம்பவம். ஒண்ணுமில்லன்னு எழுதுங்க."

"ஒண்ணுமில்லைங்கறதுக்குக் கட்டம் இல்லையே."

"அப்ப ஒரு கட்டம் போடச் சொல்லுங்க" என்றார் வேன்காரர். கேட்காமலே லைசென்ஸை எடுத்து நீட்டினார். சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு, மனைவி தைத்துக் கொடுத்த மெத்தையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாரியத்துப் பெஞ்சின் நீளத்துக்கு அளவெடுத்தது போல் இருந்தது.

பக்கவாசலில் குடைச் சிறுமி வந்து நின்றாள். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். எல்லா வண்டியும் நின்றுகொண்டிருந்தது. அவள் அவசரப்படாமல், நடந்தே கடந்து போனாள்.